விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம்: நம் பிள்ளைகள் ஏன் பிந்துகிறார்கள்?



ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும், கோவில்பதாகையில் உள்ள எங்கள் மதரஸாவுக்கு இஷா தொழுகைக்குப் பின் பெற்றோர் சிலர் வருவது வழக்கமாகிவிட்டது. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருக்கும். “ஹஜ்ரத், பையன் நல்லா விளையாடுவான். காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்காமே, யாரையாவது தெரியுமா?” என்பதே கேள்வி. கோப்பைத் திறந்தால் ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளின் புகைப்படங்கள், ரம்ஜான் விடுமுறையில் நடந்த ஒரு போட்டியின் பங்கேற்புச் சான்றிதழ், உள்ளூர்ப் பிரமுகர் கையொப்பமிட்ட வண்ணத்தாள் ஒன்று ஆகியவை இருக்கும். பிள்ளை உண்மையிலேயே நன்றாக விளையாடுபவனாகத்தான் இருப்பான். ஆனால் அந்தக் கோப்பில் உள்ள எதுவும் கலந்தாய்வு மேசையில் ஒரு புள்ளியைக்கூடப் பெற்றுத் தராது.

மதரஸா ஆசிரியர்களுக்கும் மைதானத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். நாங்கள் விளையாட்டு வல்லுநர்கள் அல்லர். எங்களிடம் குர்ஆன் ஓதிய பிள்ளைகளுக்காகப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சில ஆண்டுகளாக நடந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகின்றோம். பிளஸ் டூ முடிந்த மே மாதத்தில் எல்லோரும் தேடுகின்ற அந்த இடம், ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரையிலான மாலை நேரங்களில் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. நம் குடும்பங்களுக்கு இது தெரிய வரும்போது காலம் கடந்திருக்கிறது.

கல்லூரிக்குள் நுழைய விளையாட்டு வீரருக்கு இரண்டு வாசல்கள் உள்ளன. அவை வெவ்வேறானவை என்பதையே பலர் அறியார்.

முதலாவது அரசின் வாசல். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கென 500 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. எம்.பி.பி.எஸ். படிப்பில் இந்த ஒதுக்கீடு 7 இடங்கள் மட்டுமே. அரசு கலை அறிவியல் கல்லூரிகளிலும் விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரரின் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்து முடிந்துவிடும். “பொதுக் கலந்தாய்வு அன்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருந்தவர் பலர் இதனால் இடத்தை இழந்திருக்கின்றனர். இந்த வாசலில் பிள்ளை எவ்வளவு உயரம் குதிப்பான் என்று யாரும் பார்ப்பதில்லை. காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். எந்த மட்டத்துப் போட்டி, எந்த ஆண்டு, என்ன இடம், யார் கையொப்பம் என்று பார்த்துப் புள்ளி இடுவர். அந்தப் புள்ளிகளின்படி தரவரிசை அமையும்.

இரண்டாவது, கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரும் பயிற்சியாளர்களும் திறந்துவிடும் வாசல். இங்கே கண்தான் முதலில் பேசும். தம் அணிக்கு வேண்டிய ஆட்டக்காரரை அவர்களே தேடி எடுத்துக்கொள்கின்றனர். தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இப்படித் தேர்ந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை தருவதுண்டு. சில இடங்களில் விடுதியும் உணவும் சேர்ந்தே கிடைக்கும். லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, எஸ்.ஆர்.எம்., சத்யபாமா என்று சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் அணிகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனங்கள் பல உள்ளன. நம் சமுதாயம் 1951-இல் இராயப்பேட்டையில் நிறுவிய நியூ காலேஜ் அணிகளும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகளில் நெடுங்காலமாக ஆடி வருகின்றன. கல்லூரிகள் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல். முதலியார் தடகளப் போட்டி போன்ற களங்களில் கல்லூரியின் பெயர் ஒலிக்க வேண்டும். அங்கிருந்து பல்கலைக்கழக அணிக்கும், அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளுக்கும் தம் மாணவர் செல்ல வேண்டும்.

எங்கள் பகுதியில் ஒரு மாணவன் இருந்தான். ஆவடி மார்க்கெட்டில் கோழிக்கடை வைத்திருப்பவரின் மகன். ஆறடி உயரம், வாலிபாலில் அவன் அடிக்கும் பந்தை எதிரணியினர் தடுக்கத் தயங்குவர். ஞாயிறுதோறும் நண்பர்கள் குழுவோடு பூந்தமல்லி, திருநின்றவூர், பட்டாபிராம் என்று எங்கு போட்டி நடந்தாலும் போய் ஆடி வருவான். ஆனால் பள்ளி அணிக்காக அவன் ஆடியதில்லை. பள்ளிப் போட்டிகள் வேலை நாட்களில் நடக்கும். அந்த நாட்களின் பிற்பகலில் அவன் கடையில் நிற்க வேண்டும். அத்தாவுக்கு வேறு ஆள் இல்லை. பிளஸ் டூவுக்குப் பின் அவன் பொறியியல் ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்க விரும்பியபோது, கோப்பில் அரசு ஏற்கும் சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. முதல் வாசல் அத்தோடு மூடிவிட்டது. அவனுடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர் நல்ல மனிதர்; தமக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பயிற்சியாளருக்குத் தொலைபேசியில் சொன்னார். தேர்வுக்கு வரச் சொன்னார்கள். பத்து நிமிட ஆட்டத்திலேயே அவனைப் பிடித்துப்போயிற்று. பி.காம். படிப்பில், கல்விக் கட்டணம் இன்றி இடம் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அவன் விரும்பியது இயந்திரவியல்.

இந்தக் காகித ஏணி எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பள்ளிக் கல்வித் துறை ஆண்டுதோறும் நடத்தும் போட்டிகள் குறுவட்ட அளவில் தொடங்குகின்றன. அங்கே வென்றவர் வருவாய் மாவட்ட அளவுக்குச் செல்வர்; எங்களுக்கு அது திருவள்ளூர் மாவட்டம். அதன் பின் மாநில அளவு. குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள், பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் என்னும் பெயர்களில் நடப்பவை இவைதாம். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் உண்டு. மாநில அளவில் தேர்ந்தவர், இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டிகளுக்குத் தமிழக அணியில் செல்வர். இதற்கு இணையாக, ஒவ்வொரு விளையாட்டுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மாவட்டச் சங்கமும் மாநிலச் சங்கமும் உள்ளன. அவை நடத்தும் இளையோர், மூத்தோர் போட்டிகள் மற்றொரு வழி. மாநில அரசு 2023 முதல் பெரிய அளவில் நடத்தி வரும் முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவருக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, படிக்கும் பள்ளியின் சார்பில் குறுவட்டத்தில் இறங்கினால்தான் இந்த ஏணியில் முதற்படியில் கால் வைக்க முடியும். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகள் கால்களை வலுப்படுத்தும். அவற்றை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் நண்பர்கள் குழுவுக்கு நாற்பது போட்டிகள் ஆடியவனுக்கு இல்லாத மதிப்பு, பள்ளிக்காக மாவட்ட அளவில் ஒரு முறை ஆடியவனின் சான்றிதழுக்கு உண்டு. பள்ளியில் அணியே இல்லையென்றால், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளை எண்ணிப் பார்க்கலாம். 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேரவிருக்கும் மாணவ மாணவியருக்குக் கோடையில் தேர்வு நடக்கும். தேர்ந்தவர்களுக்குத் தங்குமிடம், உணவு, பயிற்சி, பள்ளிப் படிப்பு எல்லாம் அங்கேயே.

அடுத்து வருவது, எங்கள் கண் முன்னால் பல முறை கண்ணீரை வரவழைத்த செய்தி. பெயர்!

நம் பிள்ளைகளின் பெயர்கள் அழகானவை. ஆனால் அரசுக் காகிதங்களில் அவை படும் பாடு சொல்லி முடியாது. ஆதார் அட்டையில் ‘முஹம்மது’, பிறப்புச் சான்றிதழில் ‘முகமது’, பள்ளிப் பதிவேட்டில் ‘மொகமத்’, போட்டிச் சான்றிதழில் ஆங்கிலத்தில் வேறொரு எழுத்துக்கூட்டல். பெண் பிள்ளைகளுக்கு ஓரிடத்தில் ‘பேகம்’ ஒட்டியிருக்கும், இன்னோரிடத்தில் ‘பானு’ ஆகியிருக்கும், மூன்றாவதில் இரண்டும் இராது. அத்தாவின் பெயரின் தலைப்பெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் விரிவாக. விளையாட்டுப் பிரிவினரின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பவர் மூன்று காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார். மூவரும் ஒருவர்தானா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. விளையாட்டில் வயதை மறைப்போரும் ஆளை மாற்றுவோரும் இருப்பதால், அவர் ஐயப்படுவது அவர் கடமை. சங்கத்திடம் போய்ச் சான்றிதழைத் திருத்தி வாங்கி வருவதற்குள் கலந்தாய்வு தேதி கடந்துவிடும்.

ஆகவே பெற்றோரிடம் நாங்கள் முதலில் சொல்வது பந்தைப் பற்றியோ ஓட்டத்தைப் பற்றியோ அன்று. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிப் பதிவேடு மூன்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டு வாருங்கள் என்பதே. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் மாணவர் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுப்பார்கள். அதைப் பிள்ளையின் கையில் விட்டுவிடாமல் அத்தாவோ அம்மாவோ நேரில் பார்க்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் அச்சாகி வந்த பின் திருத்துவது பெரும் அலைச்சல். போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது உடற்கல்வி ஆசிரியரிடம் ஆதார் நகலைக் கொடுத்து, “இதில் உள்ளபடியே எழுதுங்கள் சார்” என்று சொல்லிவிட வேண்டும். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே எழுத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்தில் திருத்திக்கொள்ளலாம், மூன்றாண்டு கழித்து அந்தச் சங்கத்தின் செயலாளரே மாறியிருப்பார். (எங்கள் ஊரின் பெயரையே ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறது. அதோடு, பெயரில் கோவில் இருக்கும் ஊரில் மதரஸாவா என்று புதிதாக வருவோர் சிரித்தபடி கேட்பதும் உண்டு.)

காகிதத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. மாநில அளவுச் சான்றிதழ் “ஏற்பாடு செய்து தருகிறோம்” என்று தொகை சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். ஒரு குடும்பத்தார் எங்களிடம் வந்து, பிள்ளையின் எதிர்காலத்துக்காக என்றால் இது கூடுமா என்று கேட்டனர். கூடாது. இதில் நாங்கள் நயமாகப் பேசவில்லை. அது பொய்ச் சாட்சி; அதோடு, வெயிலில் ஓடி உழைத்த இன்னொரு வீட்டுப் பிள்ளையின் இடத்தைப் பறிப்பது. சட்டப்படியும் மோசடிக் குற்றம். கண்டுபிடிக்கப்பட்டால் சேர்க்கை இரத்தாகும், வழக்கும் வரும். அந்தக் குடும்பம் எங்கள் பதிலைக் கேட்டு வருத்தத்தோடுதான் எழுந்து போனது.

சரி, நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளி அணியில் சேராததற்குக் காரணம் என்ன? வறுமையும் கடை வேலையும் ஒரு காரணம். மற்றொன்றை நாங்கள்தாம் சொல்ல வேண்டும்: மக்தப் நேரம். பள்ளி முடிந்து நாலரை மணிக்கு மைதானத்தில் பயிற்சி தொடங்கும். அதே நேரத்தில்தான் பெரும்பாலான மஹல்லாக்களில் மாலை மக்தப். பிள்ளை இரண்டில் ஒன்றை விட வேண்டும். நல்ல பிள்ளை மைதானத்தை விடுகிறான். அத்தனை நல்ல பிள்ளையாக இல்லாதவன் மக்தபை விட்டுவிட்டு, பிறகு எங்களைக் கண்டால் தெருவைக் கடந்து மறுபக்கம் போகிறான். இரண்டுமே எங்களுக்கு நட்டம்தான்.

எங்கள் மதரஸாவில், பள்ளி அணியில் ஆடும் பிள்ளைகளுக்கு ஃபஜ்ருக்குப் பின் நாற்பது நிமிட ஓதலை வைத்தோம். முதல் மாதம் மூன்று பேர் வந்தனர். கண்ணைக் கசக்கிக்கொண்டே ஓதினர். இப்போது பதினொரு பேர் வருகின்றனர். நிர்வாகக் குழுவில் ஒரு பெரியவர், “ஓதலை விளையாட்டுக்காக நகர்த்துவதா?” என்று கேட்டார். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியதும் அந்தப் பெரியவர் நம்மைவிட நன்கு அறிந்தவை. ஆகவே நாங்கள் அவரிடம் விவாதிக்கவில்லை. ஒரு நாள் காலையில் வந்து பிள்ளைகள் ஓதுவதைக் கேட்கும்படி அழைத்தோம். வந்தார். தஜ்வீதில் இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு அந்தக் கேள்வி எழவில்லை.

தொழுகை பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமானது. பயிற்சி நேரத்துக்குள் அஸர் வரும். முடிகையில் மஃரிப் பாங்கு கேட்கும். பெரும்பாலான பயிற்சியாளர்கள், முன்கூட்டியே சொன்னால் பத்து நிமிடம் விடுவதில் தயக்கம் காட்டுவதில்லை. பயிற்சியின் நடுவில் சொல்லாமல் காணாமற்போனால்தான் கோபப்படுவர். வெள்ளிக்கிழமைப் போட்டியானால், அட்டவணை வந்த உடனே உடற்கல்வி ஆசிரியரிடம் ஜும்ஆ நேரத்தைச் சொல்லி வையுங்கள். வெளியூர்ப் போட்டிகளில் பயணியின் சலுகைகள் பற்றி, உங்கள் மத்ஹபுக்கு ஏற்ப, உங்கள் ஆலிமிடம் கேட்டுக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது எங்கள் கை சற்றே தயங்குகிறது. கருத்து வேறுபாடு உள்ள இடம். ஆனால் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எட்டாம் வகுப்பு வரை ஓடிக்கொண்டிருந்த சிறுமி, ஒன்பதாம் வகுப்பில் திடீரென நின்றுவிடுகிறாள். உடை, பயணம், ஊரார் பேச்சு இம்மூன்றும் காரணம். உடையைப் பொறுத்தவரை உலகமே மாறியிருக்கிறது. தலைமறைப்போடு கால்பந்து ஆட ஃபிஃபா 2014-இல் அனுமதி தந்தது. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமும் 2017-இல் தடையை நீக்கியது. முழுக்கை சட்டையும் முழுக்கால் சட்டையும் தலைமறைப்புமாக ஆடலாமா என்று பள்ளியில் கேட்டால், பெரும்பாலும் ஆம் என்றே விடை வரும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மைதானத்துக்கு வெளியேயும் விளையாட்டு உண்டு. வடசென்னையைச் சேர்ந்த காசிமா என்னும் மகளை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். ஆட்டோ ஓட்டுநரின் மகள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கப் பதக்கங்களை வென்று வந்தார். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. மகளுக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுத் தந்தவர் அவருடைய தந்தையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா விளையாட்டும் எல்லாச் சேர்க்கைப் பட்டியலிலும் இராது. பிள்ளை ஆடும் விளையாட்டு, விரும்பும் படிப்பின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் உள்ளதா என்று அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் பார்த்துவிட வேண்டும்.

கல்லூரிப் பயிற்சியாளர் பிள்ளையை எங்கே பார்க்கிறார்? மாவட்ட, மாநிலப் போட்டிகளின் அரையிறுதிகளில் மைதான ஓரத்தில் கையில் குறிப்பேட்டோடு நிற்பவர்களில் சிலர் அவர்கள்தாம். பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களில் பலர் அவர்களின் பழைய மாணவர்கள் அல்லது உடன் ஆடியவர்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் வேலை நடப்பது இதனால்தான். ஆகவே பள்ளியின் பி.டி. மாஸ்டரை மதியுங்கள், ஆண்டுவிழா அன்று மட்டும் அல்ல. இந்தியக் கால்பந்து அணியை 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டுத் தங்கத்துக்கு இட்டுச் சென்ற சையத் அப்துல் ரஹீம் ஸாஹிப், ஹைதராபாதில் ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தவர்தாம்.

யாரும் கூப்பிடவில்லை என்றால் நாமே போகலாம். பதினொன்றாம் வகுப்பின் இறுதியில், பிள்ளையின் பிறந்த தேதி, உயரம், ஆடும் இடம், ஆடிய போட்டிகள், மதிப்பெண் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மூன்று நிமிடக் காணொளி ஒன்றையும் சேர்த்து, விரும்பும் கல்லூரிகளின் உடற்கல்வித் துறைக்கு அனுப்புங்கள். காணொளியில் பாட்டு வேண்டாம், மெதுவோட்டக் காட்சிகளும் வேண்டாம். முழு ஆட்டத்தின் ஒரு பகுதியே போதும். பந்து தம்மிடம் இல்லாதபோது பிள்ளை என்ன செய்கிறான் என்பதைத்தான் பயிற்சியாளர்கள் பார்ப்பார்களாம். ஒரு கல்லூரி இயக்குநர் எங்களிடம் அப்படிச் சொன்னார். தோற்றபோது சக வீரனைத் திட்டுகிறானா என்றும் பார்ப்பாராம். பிளஸ் டூ தேர்வு முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் பல கல்லூரிகள் நேரடித் தேர்வு நடத்தும். முடிவு வரட்டும் என்று காத்திருப்போர் வந்து சேர்வதற்குள் அணி நிரம்பிவிடும்.

இடம் தருகிறோம் என்று சொன்னதும் மகிழ்ச்சியில் கையொப்பமிட்டுவிடாதீர்கள். இலவசம் என்பது கல்விக் கட்டணம் மட்டுமா, தேர்வுக் கட்டணமும் சிறப்புக் கட்டணங்களும் சேர்ந்ததா? விடுதி உண்டா? சலுகை ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டுமா? போட்டிகளுக்காகத் தவறும் வகுப்புகளுக்கு வருகைப்பதிவு கிடைக்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, முழங்காலில் காயம் பட்டு ஓராண்டு ஆட முடியாமற்போனால் சலுகை தொடருமா? எங்களிடம் ஓதிய ஒரு மாணவனுக்கு இரண்டாம் ஆண்டில் தசைநார் கிழிந்தது. வாய்ச்சொல்லாகத் தரப்பட்டிருந்த சலுகை அத்தோடு நின்றது. ஜமாஅத்தில் வசூலித்துத்தான் மீதிக் கட்டணத்தைக் கட்டினோம். எழுத்தில் வாங்குங்கள் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் அதுவே. பயிற்சியாளர் எவ்வளவு நல்லவராயினும் அவர் அடுத்த ஆண்டு வேறு கல்லூரிக்கு மாறிவிடக்கூடும்.

வெளிநாட்டு வாய்ப்பைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதல் இரு பிரிவுகளின் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தரலாம், மூன்றாம் பிரிவில் அது கிடையாது. சென்னையில் வளர்ந்த டென்னிஸ் வீரர் சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2007, 2008 ஆகிய இரு ஆண்டுகளிலும் அந்நாட்டுக் கல்லூரிகளின் ஒற்றையர் பட்டத்தை வென்றார். டென்னிஸ், நீச்சல், தடகளம் போன்றவற்றில் மிக உயர்ந்த நிலையில் இருப்போருக்கு இது உண்மையான வழி. கபடி ஆடும் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. “அமெரிக்க ஸ்காலர்ஷிப்” என்று முன்பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நம் நாட்டிலேயே கல்லூரி அணியிலிருந்து மேலே செல்லும் பாதை இருக்கிறது. பல்கலைக்கழக அணி, கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள், அதன் பின் ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்றவற்றின் அணிகள். எல்லோரும் அங்கே போய்ச் சேர்வதில்லை, சிலர்தாம். ஆகவே பட்டப்படிப்பை விளையாட்டுக்குத் துணையாக எண்ணாமல் அதற்குச் சமமாக எண்ணச் சொல்கிறோம்.

இப்போது எங்கள் மதரஸாவில் ஓதும் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி குண்டு எறிகிறாள். எட்டாம் வகுப்பில் குறுவட்டத்தில் முதலிடம். ஒன்பதாம் வகுப்பில் வீட்டார் நிறுத்திவிட்டனர். “வயசுக்கு வந்த புள்ள, எப்படி ஹஜ்ரத் வெளியூர் அனுப்பறது?” என்று அவளுடைய அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடவில்லை. உடற்கல்வி ஆசிரியை வீட்டுக்கு வந்து பேசினார். மாணவியரோடு ஆசிரியை ஒருவர் உடன் வருவார், விரும்பினால் அம்மாவும் வரலாம், உடை அவள் விருப்பம் என்றார். பத்தாம் வகுப்பில் மீண்டும் எறியத் தொடங்கினாள். இரண்டு போட்டிகளுக்கு அம்மா தம் செலவில் கூடவே போனார். மாவட்ட அளவில் இரண்டாம் இடம் வந்தாள்.

சென்ற மாதம் மகளிர் கல்லூரி ஒன்றின் உடற்கல்வி இயக்குநரோடு அவளுடைய அம்மா தொலைபேசியில் பேசினார். விடுதியில் தொழ இடமுண்டா, மாலையில் எத்தனை மணிக்குள் திரும்புவார்கள், நோன்பு மாதத்தில் பயிற்சி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மையார் பொறுமையாக விடை சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரலில் மகளை அழைத்து வந்து விடுதியையும் மைதானத்தையும் நேரிலேயே பாருங்கள் என்றார். வரும்போது ஒன்பதாம் வகுப்பிலிருந்து உள்ள சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்து வரச் சொன்னார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கோப்பில் இருக்கிறது, பெயரும் சரியாக இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கான மாவட்டப் போட்டி அடுத்த வாரம், திருவள்ளூரில்.